யெர்மினாவின் தலைக்கு மேலே

எங்கள் தீமோர் மலையூரில், வியாழன்தோறும் தேவாலயக் கூடத்தில் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். நான் படித்தது ஆறாவது. இருபது வருடமாக ஊர் சுகாதாரத் தொண்டர். அதற்கென்று ஒரு சட்டையும் உண்டு, வயிற்றுப் பக்கத்துப் பொத்தான்தான் ஒத்துழைப்பதில்லை.

வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு அவித்த முட்டை. என் கண்முன்னாலேயே தின்றாக வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோனால் மாமனார் தட்டில் ஏறிவிடும்.

அன்று வகுப்புக்குப் புதிதாக வந்த யெர்மினா, ஐந்து மாதக்காரி, முட்டையை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"தின்னுடி. கோழி வந்து திருப்பிக் கேக்காது."

"வேணாம் ஒர்பா அக்கா. பிள்ளை பெருத்தா வெளிய வராதுன்னு மாமியார் சொல்றாங்க. சோளக்கஞ்சிகூட அரைக் கிண்ணம்தான்."

"உன் மாமியார் மட்டும் அரைக் கிண்ணத்துலயா அப்படிப் பெருத்தாங்க? வயித்துல பட்டினி போட்டா பிள்ளை குட்டையாவே நின்னுடும்டி. பின்னால எதை ஊட்டினாலும் முழுசா ஈடாகாது."

எல்லோரும் சிரித்தார்கள், அவளைத் தவிர.

மற்றவர்கள் போனதும் அவளைச் சுவரோரம் நிறுத்தி அளந்தேன். நூற்று நாற்பத்து மூன்று சென்டிமீட்டர். நூற்று நாற்பத்தைந்துக்குக் கீழே என்றால் பிரசவம் நகரத்து ஆஸ்பத்திரியில்தான் என்று மருத்துவச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"நாப்பத்தஞ்சுன்னு போடுங்கக்கா. ஆஸ்பத்திரின்னா மாமியார் என்னைக் குள்ளச்சின்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க. ரெண்டு சென்டிமீட்டரை யாரு பாக்கப் போறா?"

யார் பார்க்கப் போகிறார்கள் என்றா? பத்தொன்பது வருடமாக நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது அவளுக்கு இரண்டு வயது. அளவுப் பலகையில் படுத்துக் கத்தினாள். குட்டைப் பிள்ளை ஒன்றுகூட இல்லாத ஊருக்குப் பதாகை தருவதாக மாவட்டத்தில் சொல்லியிருந்தார்கள். இவள் ஒருத்திதான் அளவுக்குக் குறைந்தாள். இரண்டு சென்டிமீட்டர் கூட்டி எழுதினேன். ஊருக்குப் பதாகை வந்தது. குட்டைப் பிள்ளைகளுக்குத் தரும் முட்டையும் பாலும் இவளுக்கு வராமலே போயின.

ஞாயிறுதோறும் பாட்டுக்கு எல்லோரும் எழும்போது, யெர்மினாவின் தலைக்கு மேலே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெறுமை எழுந்து நிற்கும். கூடவே ஒரு பிள்ளை கத்தும். எனக்கு மட்டும்தான் கேட்கும். என் ராகம் தவறும். தொண்டைக்கு இஞ்சி போடச் சொன்னார் பாதிரியார். போட்டேன். பிள்ளை நிறுத்தவில்லை.

இப்போதும் கூடத்தில் அது கத்தியது. பேனாவைப் பிடித்தபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

சுவரில் தன் உயரம் நின்ற இடத்தை அவள் கையால் தொட்டுப் பார்த்தாள்.

"அதெல்லாம் கிடைச்சிருந்தா நான் வளந்திருப்பேனா?"

"தெரியலடி. தெரிஞ்சா நிம்மதியா அழுதுட்டுப் போயிருப்பேன்."

நூற்று நாற்பத்து மூன்று என்று எழுதினேன். மூன்று கொஞ்சம் கோணிக்கொண்டது.

"மாமியார்கிட்ட யாரு சொல்றது?"

"நான்."

"ஆஸ்பத்திரி விஷயம் மட்டுமா?"

அந்த அம்மாளின் வாய்க்குப் பயந்து ஊரில் நாயே குரைக்காது. "எல்லாத்தையும்."

"அடிச்சாலும் அடிப்பாங்கக்கா."

"குனிஞ்சு நிக்கிறேன். அவங்களுக்கும் கை எட்டணுமில்ல."

அவள் சிரிக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மாமியார் வீட்டுக்குப் போகும் சரிவில் இறங்கினாள். பின்னால் போன என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் என் முழங்கால் வலி தெரிந்தவள்போல மெதுவாகவே நடந்தாள்.