நீயே போத்தும்மா

1

இது கதையாகப் பிறக்கவில்லை. தாமல் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் (பெயர் வேண்டாம், தேடினாலும் கிடைக்காது) நெடுங்காலம் துணைவேந்தராக இருந்த ஜ்வாலாமாலினி அம்மையார் ஓய்வு பெற்றார். பாராட்டு விழா முடிந்த கையோடு மலர் போடுகிறார்களாம். 'எளிமையின் சிகரம்' என்று தலைப்பையும் கொடுத்து என்னிடம் இரண்டு பக்கம் கேட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, ஜோராகத்தான் தொடங்கினேன்:

"பட்டுக்குப் பேர்போன காஞ்சியிலே பருத்திப் புடவையோடு பவனி வந்த..."

வந்த, என்ன? வண்டி அங்கேயே நின்றுவிட்டது. நாலு தகவல் கேட்டு வரலாமென்று பதிவாளரிடம் போனேன். அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, நான் கேட்காத ஒன்றைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "இத மட்டும் எழுதிடாதீங்க, மானம் போயிடும்" என்றார்.

இதோ, எழுதிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. பதிவாளரின் பெயரைக் காவேரி என்று மாற்றியிருக்கிறேன். 'அவர்' என்றால் கிட்டே போக முடியவில்லை; ஆகவே இனிமேல் 'அவள்'.

2

காவேரி, பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீரபாகுவின் மகள். அலுவலகத்தில் தட்டச்சு செய்ய வந்தவளைப் படி படியென்று விரட்டிப் படிக்கவைத்து, பதிவாளர் நாற்காலிவரை கொண்டுவந்து உட்கார்த்தியவர் ஜ்வாலாமாலினி.

[இந்த இடத்தில் தறிச் சத்தத்தை வர்ணிக்கக் கை துறுதுறுக்கிறது. நெசவாளர் வீடு என்றால் சத்தம் கேட்டே ஆக வேண்டுமென்று எவன் சட்டம் போட்டான்? வேண்டாம்.]

விழாவில் என்ன மரியாதை செய்வது என்ற பேச்சே எழவில்லை. இந்த ஊரில் மரியாதை என்றால் பட்டு. "என் பொண்ண ஆளாக்கின அம்மா. அவுங்களுக்குப் போயி கடையில வாங்கிக் குடுத்தா நல்லாவா இருக்கும்? நானே நெய்யறேன்" என்றார் வீரபாகு. அரக்கு உடல், மாம்பழ நிறக் கரை. உடலுக்கும் கரைக்கும் ஊடுநூல் ஓட்டும் நாடாவைத் தனித்தனியாக வைத்துக் கோத்துக்கொண்டே போகும் கோர்வை வேலை. வயதுக்கு மீறிய வேலைதான். இடுப்பு விட்டுப்போகிறது என்று புலம்பிக்கொண்டே சந்தோஷமாக நெய்தார்.

வாழ்த்துமடலைக் காவேரி எழுதினாள். அதில் ஒரு வரி அவளுக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று: 'பட்டு விளையும் ஊரில் பருத்தி உடுத்திய எளிமையே!' அச்சாகி வந்ததும் அறையில் தனியாக வாய்விட்டு வேறு படித்துப் பார்த்துக்கொண்டாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பட்டு இங்கே விளைவதில்லை. கர்நாடகத்திலிருந்து சிட்டம் சிட்டமாக, அதாவது கட்டுக் கட்டாக, நூல் வந்து இறங்கும். புழு, கூடு, கொதிக்கிற தண்ணீர் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். பிள்ளையார்பாளையத்தில் பட்டு பிறப்பதே சிட்டத்தில்தான். காவேரி ஒரு பட்டுப்புழுவைக்கூட நேரில் பார்த்தவள் இல்லை. இது சமாதானம் இல்லை, தகவல்.)

3

விழா அன்று மதியம். அம்மையாரின் தம்பி ஜினேஷ், திருப்பருத்திக்குன்றத்திலிருந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடலை வியாபாரி, கலகலப்பான மனுஷன். வாழ்த்துமடலைக் கையில் வாங்கிப் படித்தவர் பக்கென்று சிரித்துவிட்டார்.

"இன்னா மேடம், எளிமைன்னு போட்டுக்கிறீங்க? எளிமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. புழுவக் கொன்னு எடுக்கறதுன்னு அக்கா காலேஜ் படிக்கறப்பவே பட்ட விட்டுட்டாங்க. கையால தொடக்கூட மாட்டாங்க."

"உங்க வீட்ல எல்லாருமேவா சார்?" என்றாள் காவேரி.

"சேச்சே, நாங்கல்லாம் கட்டிக்கினுதான் இருக்கோம். என் பொண்டாட்டி பீரோவத் தொறந்தா பட்டுதான். அக்காவுக்கு மட்டும் அப்படி ஒரு விரதம். இத்தினி வருசம் பக்கத்துலயே இருந்துக்கினு, உங்களுக்குத் தெரியாதா?"

காவேரிக்குக் காது இரண்டும் சுட்டது. ஜைனக் குடும்பமென்று தெரியும். பட்டுக் கட்டிப் பார்த்ததே இல்லையென்றும் தெரியும். திருப்பருத்திக்குன்றம் என்று அவர்கள் ஊர்ப் பேரிலேயே பருத்தி இருக்கிறது. இதற்கு மேல் ஒரு ஊர் என்னத்தைத்தான் சொல்லும்?

[ஊர்ப் பேர் என் கைச்சரக்கு இல்லை. நானாக வைத்திருந்தால் இவ்வளவு பச்சையாக வைத்திருக்க மாட்டேன்.]

அப்புறம்தான் அது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு பட்டமளிப்பு விழாவிலும் விருந்தினருக்குப் பட்டுச் சால்வை போர்த்தும் நேரம் வந்தால், அம்மையார் தட்டை இவள் பக்கம் நகர்த்துவார். "நீயே போத்தும்மா." மந்திரிக்கும் சரி, விஞ்ஞானிக்கும் சரி, போர்த்தியது காவேரிதான். அந்தப் படங்களையெல்லாம் வீட்டுக் கூடத்தில் வரிசையாக மாட்டிவைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க மேடம் அந்தப் பெருமைய எனக்குத்தான் குடுப்பாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெருமையாம், பெருமை! பட்டால் சோறு தின்கிற ஊரில் பட்டைக் குறை சொல்ல வாய் வராமல், ஒரு மனுஷி வருஷக்கணக்கில் தட்டைத் தள்ளித் தள்ளித் தப்பித்திருக்கிறார். தட்டை வாங்கிக்கொண்டவள் அந்தப் படங்களுக்குச் சட்டம் போட்டு ஆணியடித்திருக்கிறாள். இந்த லட்சணத்தில் 'எளிமையே' என்று மடல் வேறு. கூடத்துச் சுவரை நினைத்தபோது காவேரிக்கு உடம்பெல்லாம் கூசியது.

மேடையில் வீரபாகுவின் பெயரை அழைத்தார்கள்.

4

இந்த இடத்தில் நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

காவேரி ஓடிப்போய் ஒலிவாங்கியைப் பிடுங்கி உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அரங்கமே எழுந்து நின்று... [குப்பை. இஸ்திரி போட்ட வேட்டியோடு மேடையேறிவிட்ட கிழவரை அப்போது எங்கே நிற்கவைப்பது?]

காவேரி அப்பாவின் காதில் சொல்கிறாள். அவர் ஞானிபோல ஒரு வாக்கியம்... [வீரபாகு அப்படியெல்லாம் பேச மாட்டார். "அப்ப இன்னா பண்றது? எடுத்துக்கினு போயிடட்டா?" என்று கேட்பார். போயும் விடுவார். அதன் பிறகு தறியில் உட்காருவாரா என்று எனக்குத் தெரியாது.]

நடந்தது இவ்வளவுதான். வீரபாகு புடவையைப் பிரித்து இரண்டு கையாலும் நீட்டினார். ஜ்வாலாமாலினி வாங்கவில்லை, ஒரு நொடி, காவேரியைப் பார்த்தார். காவேரி அப்பாவின் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"தோள்ல போட்டுக் காட்டுங்கம்மா, கரையப் பாக்கட்டும் எல்லாரும்" என்றார் வீரபாகு, வாயெல்லாம் பல்லாக.

அம்மையார் கையை நீட்டி வாங்கினார். தோளில் போட்டுக்கொண்டார். கரையைத் தடவிக்கூடப் பார்த்தார். "பெரியவரே, உங்க கைக்கு நான் இன்னா செய்யப் போறேன்" என்றார். கைதட்டல் அடங்கவில்லை. காவேரியும் தட்டினாள். "நானும் தட்டினேன் சார்" என்று என்னிடம் சொன்னபோதுதான் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

5

மலருக்கு இதெல்லாம் ஆகாது. அவர்களுக்கு வேறு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சிகரம் எல்லாம் இருக்கிறது. இது உங்களுக்கு.

விழா முடிந்து அம்மையார் காரில் ஏறி உட்கார்ந்தார். புடவை மடியில் இருந்தது. காவேரி ஜன்னலருகே குனிந்து, "மேடம், பட்டு விஷயம்... எனக்குத் தெரியாமப் போச்சு மேடம். மன்னிச்சிடுங்க" என்றாள்.

அவர் கோபிக்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. மெதுவாக ஒன்று கேட்டார்:

"எப்பம்மா தெரிஞ்சுது?"

காவேரி என்ன பதில் சொன்னாள்? கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். நானே இரண்டு பதில் எழுதிவைத்திருக்கிறேன்.

"இப்பதான் மேடம், யாரோ சொன்னாங்க."

"அப்பா மேடையேறதுக்கு முன்னாடியே தெரியும் மேடம்."

ஒன்றை நீங்கள் அடித்துவிடுங்கள். ஆனால் அதற்குமுன், உங்களிடமிருந்து நான் மறைத்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீரபாகுவை அழைப்பதற்குச் சற்று முன்னால், ஜினேஷ் மேடையோரம் போய் அக்காவின் காதில் சிரித்தபடி, மடலைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டு, காவேரியைக் கைகாட்டிவிட்டு வந்தார். காவேரி அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

அம்மையார் கார்க் கண்ணாடியை இன்னும் ஏற்றவில்லை.