பைன் மரத்தில் மஞ்சள் பூட்ஸ்

1

இப்போதெல்லாம் ஜனங்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பிரிக்கிறார்கள். கல்யாணமா, சாவா என்று தெரிந்துகொண்டுதான் படிப்பார்களாம். அப்படிப்பட்டவர்கள் இங்கேயே எழுந்து போகலாம்.

கதை எனக்குக் கிடைத்த வழி சுலபம். 1909 வசந்தத்தில், அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து ஆறு ஒன்றில், வெட்டிய மரங்களை மிதக்கவிட்டு ஆலைக்கு ஓட்டிப்போகும் கூட்டத்தில் நானும் ஒருவன். காதலும் சாகசமுமாக எழுதிப் பேர் வாங்கிய ஆல்டன் ஸ்ப்ரேக், அடுத்த நாவலுக்காக எங்களோடு வந்து தங்கினார்.

2

பொன்னொளியில் ஆறு ஒரு மங்கையைப் போல—

(அடித்துவிட்டேன். இது அவர் எழுதும் தினுசு. அங்கே இருந்தது சேறும் கொசுவும்.)

ஸ்ப்ரேக் எங்கள் சமையல்காரி டெல்ஃபினைக் காதலித்தார். (காதலித்தாரா, கதைக்கு ஆள் பிடித்தாரா? இந்த வரியை நான் இன்னும் நம்பவில்லை.) கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டார்.

"ஒரு புருஷனை ஆத்துக்குக் குடுத்தாச்சு. இன்னொருத்தனைக் குடுக்க மாட்டேன்."

"நான் ஆத்தைப் பத்தி எழுதறவன், டெல்ஃபின். இறங்கறவன் இல்ல."

யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

3

மறுநாள் இறங்கினார். கட்டையில் கால் வழுக்கிக் கழுத்துவரை நனைந்தார். ஒருவர் கண்ணிலும் படாமல் கரையேறினார், புது மஞ்சள் பூட்ஸைப் பைன் மரக்கிளையில் காயப்போட்டார், பாறைக்குப் பின்னால் வெயிலில் படுத்துத் தூங்கிவிட்டார்.*

* ஆற்றில் செத்தவனைக் கரையிலேயே புதைத்து, அவன் பூட்ஸை மேலே மரத்தில் மாட்டுவது எங்கள் வழக்கம். வேறு எதற்கும் மாட்டமாட்டோம். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

4

"ஐயோ, கதைக்காரர் பூட்ஸுடா!" என்று மேஸ்திரி மக்ராத் அலறினான். எங்களுக்கு முன்னால் போன ஆட்கள் பிணத்தைப் புதைத்துவிட்டார்கள் என்று நினைத்தோம். தொப்பிகளைக் கழற்றினோம். கையில் கரண்டியோடு டெல்ஃபின் ஓடிவந்தாள், மரத்தடியில் விழுந்தாள்.

"சரின்னு சொல்லத்தானேய்யா இருந்தேன்! ராத்திரியே முடிவு பண்ணிட்டேனே!"

சத்தத்தில் விழித்த ஸ்ப்ரேக் வெறுங்காலோடு வந்தார். எல்லோரும் தலை குனிந்து நிற்பதைப் பார்த்துத் தானும் குனிந்துகொண்டு, பக்கத்தில் நின்ற என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "யாரு போயிட்டாங்க?"

"நீங்கதான்" என்றேன்.

மக்ராத் சிரித்த சிரிப்பில் அக்கரை அதிர்ந்தது. டெல்ஃபின் எழுந்தாள். முகம் சிவந்திருந்தது.

"செத்தவனுக்குத்தான் சரி சொன்னேன். உசிரோட இருக்கறவன் இன்னொரு தரம் கேக்கட்டும்."

கேட்க வேண்டியதுதானே! அந்த மனுஷன் கண்கள் பளபளக்கச் சொன்னார்: "டெல்ஃபின், அந்த வரி... அதை அப்படியே மறுபடி சொல்லு!"

5

முடிவு ஒன்று: கரண்டியால் ஓர் அடி, பிறகு கல்யாணம். அவர் நாவலில் இதுதான், அடி இல்லாமல்.

முடிவு இரண்டு: அவள் திரும்பிப் பார்க்காமல், கரையோரம் கட்டியிருந்த தன் சமையலறைத் தெப்பத்துக்குப் போக, அவர் கல்லும் முள்ளும் பாராமல் பின்னாலேயே—

பார்த்தது இவ்வளவுதான். அந்த நேரம் ஆற்றின் மேல்பக்கம் ஒன்றோடொன்று சிக்கி அடைத்துக் கிடந்த மரங்கள் பீரங்கி வெடித்த மாதிரி அவிழ்ந்தன. எல்லோரும் ஆற்றுக்கு ஓடினோம். திரும்பி வந்தபோது தெப்பத்தின் கதவு சாத்தியிருந்தது. அவர் உள்ளே இருந்தாரா, ஊருக்கு வண்டி ஏறிவிட்டாரா, தட்டிப் பார்க்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

நீங்கள் வேண்டுமானால் தட்டுங்கள். அந்த ஆள் இரண்டாம் தரம் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் கிளம்புகிறேன்.