குச்சி நடாத செடி

டெல்பா க்னுட்சன் செய்த தப்பு, செடிகளுக்குப் பெயர் எழுதி வைத்ததுதான்.

அமெரிக்காவின் அயோவாவில் காட்டுப்பூக்களுக்கு ஒருவரும் உருப்படியாகப் பெயர் வைக்கவில்லை. பெயரின் வாலில் ‘களை’ என்று ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள்: பால்களை, இரும்புக்களை, தும்மல்களை. முன்வாசல் புல்லைக் கொத்தி எறிந்து, மூன்று வருடம் பாடுபட்டு வளர்த்த இந்தச் செடிகளுக்கெல்லாம் டெல்பா ஆளுக்கொரு குச்சி நட்டு, கொட்டை எழுத்தில் பெயர் எழுதினாள். ஆகஸ்ட் கடைசியில் தோட்டம் ஊதாவும் மஞ்சளுமாகப் பூத்துத் தள்ளியது. பக்கத்து வீட்டு வெர்லின் தும்மத் தொடங்கியதும் அப்போதுதான்.

“தும்மல்களைன்னு நீயே எழுதி வச்சிருக்க. நான் தும்மாம பாட்டா பாடுவேன்?”

“அந்தக் காலத்துல இலையப் பொடி பண்ணி மூக்குல போட்டாங்க, அதான் அந்தப் பேரு. அதுபாட்டுக்கு நின்னா யாரையும் ஒண்ணும் பண்ணாது, உன்ன மாதிரி இல்ல.”

வெர்லின் நகராட்சிக்குப் புகார் எழுதிப் போட்டார். அங்கிருந்து பார்வையிட வந்த ஊழியன் ராய்ஸ் குச்சி குச்சியாகப் படித்துக் குறித்துக்கொண்டான்.

“பதினோரு களை. உங்க கையெழுத்துலயே இருக்கும்மா. வெள்ளிக்கிழமை வெட்டுற மிஷின் வரும்.”

டெல்பா அவனுக்குக் குறுக்கே வந்து நின்றாள். “பேருல களை இருந்தா களையாயிடுமா? எதெது களைன்னு உங்க சட்டத்துல பட்டியல் இருக்குமே, எடுப்பா!”

எடுத்தான். அவள் செடிகளில் ஒன்றுகூட அதில் இல்லை. விடாமல் அவனை ஒவ்வொரு குச்சியாக இழுத்துப் போய்ச் சரிபார்க்க வைத்தாள். குறித்து வைத்த பதினொன்றையும் அவன் கோடு போட்டு அடித்தான்.

வேலியோரம் மார்பளவு உயரத்தில் ஒன்று நின்றது. தானாக முளைத்தது. ஜூலை வெயிலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றியிருந்தாள்.

“இதுக்கு ஏன் குச்சி இல்ல?”

“என்ன செடின்னு தெரியல. பூக்கட்டும், பாத்து எழுதலாம்னு இருக்கேன்.”

ராய்ஸ் பச்சைக் கதிர் ஒன்றைத் தட்டினான். மஞ்சள் தூள் பறந்தது. வேலிக்கு அப்பால் வெர்லின் அடுக்கடுக்காகத் தும்மினார்.

“இது பூத்தாச்சும்மா. பட்டியல்ல முதல் பேரே இதுதான்.”

டெல்பாவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ராய்ஸ் குறிப்பேட்டை மூடி, “இத ஒண்ண மட்டும் எடுத்துடுங்க, மிஷின் வராது” என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் அதை வேரோடு பிடுங்கினாள். யாருக்கும் தெரியாமல் குப்பையில் போட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை, கையோடு எடுத்துக்கொண்டு வெர்லின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“என்ன, தும்மல்களையப் பிடுங்கிட்டியா?”

“இல்ல. அது அங்கயேதான் நிக்கும். உன்னத் தும்ம வச்சது இது. நான்தான் தண்ணி ஊத்தி வளத்தேன்.”

வெர்லின் வாயைத் திறந்தார். வசவு வரும் என்று நின்றாள். வந்தது தும்மல்தான்.