வாசித்துப் பார்த்து வாங்கலாம்

முதலில் போனது உடற்பயிற்சி சைக்கிள். வாங்க வந்தவர், "நல்லா ஓடுமாம்மா?" என்று கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாங்கிய புதிதில் ஒரு வாரம் மிதித்ததோடு சரி. அதற்கப்புறம் அது அந்த வீட்டில் ஈரத்துணி காயப்போடும் கொடியாகத்தான் உத்தியோகம் பார்த்தது. "புதுசு மாதிரியே இருக்கும், நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றாள். அதில் பொய் ஒன்றுமில்லை. பின்னாலேயே கால் ஆடும் டீப்பாய், யாரோ கொடுத்துப் பெட்டி பிரிக்காமலே கிடந்த சுவர்க்கடிகாரங்கள், மகளின் பள்ளிக்கூடக் காலத்து மேஜை என்று ஒவ்வொன்றாகப் படியிறங்கின. அவளுக்கு ஒரு பெரிய ஹோட்டலில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கும் பிரிவில் வேலை. எதை எங்கே வைத்தால் எவ்வளவு இடம் மிஞ்சும் என்பது மூளைக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். வேலை முடிந்து வந்ததும் ஒரு மூலையைப் பிடிப்பாள். எடுத்ததைத் துடைத்து, ஜன்னலோரம் வைத்துப் போனில் படம் பிடித்து, விற்பனைப் பக்கத்தில் போட்டுவிடுவாள்.

வருஷக் கடைசி விடுமுறைக்கு மகள் குடும்பத்தோடு வருவதாக இருந்தது, அதற்குள் இடம் ஒதுக்கத்தான் இவ்வளவும். ஆனால் போனில் அவள் சொன்னது வேறு. "இந்தத் தடவ நாங்க லாட்ஜ்ல தங்கிக்கிறோம்மா. பகல்ல வந்து உங்களப் பாத்துட்டுப் போறோம்."

"சொந்த வீடு இருக்கும்போது எதுக்குடி லாட்ஜு?"

"அப்பாவுக்கும் நிம்மதி, குழந்தைக்கும் நிம்மதி" என்றாள்.

போன விடுமுறையில் நடந்ததை இருவருமே மறக்கவில்லை. பேத்தி கதவைத் தள்ளிக்கொண்டு அந்த அறைக்குள் போய், கையில் கிடைத்த கரண்டியால் டிரம்ஸில் ஒரு போடு போட்டாள். ஒரே ஒரு போடுதான். தாத்தா போட்ட சத்தத்தில் குழந்தை நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டது. மகள் குழந்தையைக் குளிப்பாட்டி, பெட்டியைக் கட்டி, அன்றைக்கே ரயிலேறிவிட்டாள்.

அந்த அறையும் டிரம்ஸும் மகனுடையவை. தெருவில் அவனுக்கு 'இடி' என்று பெயர். "இடி வீட்ல இருக்கானா?" என்று கேட்டுக்கொண்டுதான் சிநேகிதர்கள் படியேறுவார்கள். இருந்தால் கேட்கவே வேண்டியதில்லை, தெருமுனையிலேயே காது சொல்லிவிடும். கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தனியாக இருந்தார். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடிப்பார். இவன் நிறுத்தமாட்டான், அந்த இடியையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டு அடிப்பான். காலேஜ் இரண்டாம் வருஷத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தானாக நடந்துபோனான். மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். நடந்துபோனவன் நடந்து திரும்பவில்லை. மூன்று வருஷம் ஆகிறது.

அன்றிலிருந்து அவர், அதாவது அவள் கணவர், வேலை முடிந்து வந்ததும் அந்த அறைக்குள் போய்விடுவார். லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக். ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றி இறக்குகிற மனுஷனுக்கு வாய்த்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நான்காவது மாடி. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து, கை கால் கழுவி, மெல்லிய துணி ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். டிரம்ஸின் வெண்கலத் தட்டுகளைத் துடைப்பார், திருகுகளை இறுக்குவார். ஒரு சத்தமும் எழாமல் எல்லாவற்றையும் செய்துவிட்டு வெளியே வந்து சாப்பிடுவார். அவள் எதிரே உட்கார்ந்து பரிமாறுவாள். மகனைப் பற்றி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. அவள் எடுத்தால், "தண்ணி குடு" என்பார். அழுதாலாவது சேர்ந்து அழலாம். அவருடைய துக்கத்துக்கு ஒரு அறை இருந்தது, கதவு இருந்தது. அவளுடையதுக்கு ஹோட்டல் சலவை அறையில் ஓடும் இயந்திரங்களின் இரைச்சல்தான். அதற்குள் வாய்விட்டு அழுதாலும் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காது.

வீட்டை ஒழிக்கப் போவதாகச் சொன்னபோது அவர் தட்டைப் பார்த்தபடியே, "எத வேணா வித்துக்கோ. அந்த ரூமத் தொடாத" என்றார். அவளும் தலையாட்டினாள். மற்ற சாமான்கள் போய்க்கொண்டிருந்தபோதுதான் மகளின் போன் வந்தது. இரண்டு நாள் புழுங்கினாள். செத்தவனுக்கு ஒரு அறை, உயிரோடு இருக்கிறவளுக்கு லாட்ஜா? மூன்றாம் நாள் அவர் வேலைக்குப் போனதும் கதவைத் திறந்து டிரம்ஸைப் படம் பிடித்தாள். இரண்டு தடவை படம் கலங்கியது. கீழே என்ன எழுதுவது என்று தெரியாமல், 'நல்ல நிலையில் உள்ளது, வாசித்துப் பார்த்து வாங்கலாம்' என்று போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வந்தது ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். டவுன் பஸ் ஓட்டுகிறவள். பணிமுடிந்து காக்கிச் சட்டையோடு நேராக வந்திருந்தாள்.

"பையனுக்கா?" என்று கேட்டாள் இவள்.

"எனக்குத்தாங்க்கா" என்று அந்தப் பெண் வெட்கப்பட்டாள். "காலேஜ்ல வாசிச்சேன். கல்யாணத்தோட குச்சியக் கீழ வெச்சாச்சு. இப்ப பசங்க அவங்கவங்க பாட்டப் பாக்குறாங்க, நாம நம்ம பாட்டப் பாப்போமேன்னு. கால் ரெண்டும் பழக்கத்துலதான் இருக்கு. கிளட்சு, பிரேக்குன்னு நாள்பூரா மிதிக்கிறேன்ல."

இவளுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. வந்தவள் பேரம் பேசாமல், முதலில் தட்டுகளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "யாருக்கா இத இவ்ளோ நல்லா வெச்சிருக்கறது?"

"வீட்டுக்காரரு."

"அவரு வாசிப்பாரா?"

"இல்ல. பையன் வாசிப்பான்." பஸ்காரி அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். கையில் எடுத்திருந்த குச்சியை இருந்த இடத்திலேயே வைக்கப் போனாள்.

"வாசிங்க. பரவால்ல" என்றாள் இவள். "வாசிச்சுப் பாக்காம வாங்கக் கூடாது."

முதல் அடி தயங்கி விழுந்தது. இரண்டாவது அடிக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்தக் கண்ணாடி அப்படி அதிரும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. பஸ்காரிக்குக் கை மறந்திருந்தது. கால் ஒரு பக்கம் ஓட, கை ஒரு பக்கம் தடுமாறியது. நிறுத்தினாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள், மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மகனும் பழகின புதிதில் இப்படித்தான். ஒரே இடத்தில் தவறும். ஒரே இடத்திலிருந்து மறுபடி தொடங்குவான். அவள் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். தரையிலிருந்து அதிர்வு உள்ளங்கால் வழியாக ஏறி வயிற்றில் வந்து நின்றது.

கீழேயிருந்து டொக், டொக் என்று விளக்குமாற்றுக் கட்டை கூரையை இடித்தது. வாத்தியாரின் பழைய கை, யோசிக்காமல் எழுந்த கை. மூன்றாவது டொக் வரவில்லை.

அவள் மனக்கண்ணில் கட்டையைத் தூக்கியபடி பாதியில் நின்றுவிட்ட அந்தக் கிழவர் தெரிந்தார். அப்போதுதான் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. யாரோ ஓடி வருகிறார்கள். இரண்டிரண்டு படியாகத் தாவி, கைப்பிடிக் கம்பி அதிர அதிர. விடுமுறைக்காக ஆபீஸ்களைச் சீக்கிரம் மூடிவிட்டதில் அவருக்கும் வேலை முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். அது அவளுக்கு உறைப்பதற்குள் கதவு திறந்தது.

"டேய்..." என்றார்.

ஒரு காலில் செருப்பில்லை. நெஞ்சு ஏறி இறங்கியது. மூன்று வருஷமாக அவள் பார்த்திராத முகம் அது. வாய் திறந்து, கண் விரிந்து, சிரிப்புக்குப் பக்கத்தில் வந்து நின்ற முகம். அது பஸ்காரியின் காக்கிச் சட்டையைப் பார்த்தது. குச்சியைப் பார்த்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. ஒரே மகனை இரண்டாம் தடவை சாகக் கொடுக்கிறவரை அவள் கண்ணெதிரே பார்த்தாள். கொடுக்க வைத்தவள் அவள்தான்.

பஸ்காரி எழுந்துவிட்டாள். "நான் இன்னொரு நாள் வரேங்க்கா."

"ஏங்க..." என்று இவள் ஆரம்பித்தாள். மகள், லாட்ஜ், பேத்தி என்று நியாயமெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள்.

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். மூச்சு அடங்கட்டும் என்று நின்றார். பிறகு பஸ்காரியிடம், மிகவும் மரியாதையாக, "உக்காருங்கம்மா. இன்னொரு தடவ வாசிக்கிறீங்களா?" என்றார்.

"சார்..."

"நான் வெளிய இருக்கேன். கதவச் சாத்திக்கிறேன். நீங்க பாட்டுக்கு வாசிங்க. தப்பா வந்தாலும் நிறுத்தாதீங்க."

வெளியே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பஸ்காரி புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டுக் குச்சியை எடுத்தாள்.

வாசிப்பு தொடங்கியதும் இவள் மெதுவாகக் கதவைத் திறந்து வெளியே வந்து மறுபடி சாத்தினாள். அவர் வாசலுக்கு வெளியே மேல்படியில் உட்கார்ந்திருந்தார், கண்ணை மூடிக்கொண்டு. சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் சத்தம் மட்டும்தான் வந்தது, யார் வாசிப்பது என்பது வரவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். உள்ளே தாளம் தடுமாறியது, எழுந்தது, ஓடியது.

"அந்த எடத்துல எப்பவும் விட்ருவான்" என்றார் அவர்.

மூன்று வருஷத்தில் முதல் தடவை. அவள் அசையவில்லை. அசைந்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயந்தாள்.

"சாப்பிடக் கூப்ட்டா இன்னும் ஒரே ஒரு தடவம்பான்" என்றார். நெற்றியை அவள் தோளில் வைத்துக்கொண்டார். படி முழுக்கச் சத்தம் நிறைந்திருந்தது. அதற்கு அடியில் அவர் அழுவது அவளுக்கு மட்டும் கேட்டது.

டிரம்ஸை அவரேதான் கழற்றினார். எந்தத் திருகு எதற்கு என்று பஸ்காரிக்குக் காட்டினார். இவள், "வேணாம்னா சொல்லிடுங்க, விட்ரலாம்" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "துடைக்கத்தான் எனக்குத் தெரியுது" என்றார் அவர். பெரிய டிரம்மை வேறு யாரையும் தூக்கவிடவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முட்டி வலிக்க ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழ்வீட்டு வாத்தியார் கதவைத் திறந்து வாசலில் நின்றார். பிறகு பக்கவாட்டில் ஒதுங்கி வழிவிட்டார்.

பஸ்காரியின் பழைய காரில் பின்சீட்டில்தான் அதற்கு இடமிருந்தது. அவர் டிரம்மை உட்காரவைத்து, சீட் பெல்ட்டை இழுத்துக் குறுக்கே மாட்டினார். மாட்டியதை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"மெதுவாவே போறேன் சார்" என்றாள் பஸ்காரி.

கார் நகர்ந்தது. தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியபோது, துணியில் சுற்றி வைத்த வெண்கலத் தட்டு ஒன்று உள்ளேயிருந்து ஜிங் என்றது. அவர் ஒரு கால் செருப்போடு நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் வந்த ஆட்டோ ஹாரன் அடித்தது. அவள் அவர் கையைப் பிடித்தாள். பிடித்த பிறகும் இருவரும் நகரவில்லை.