பட்டுப் பிரிவுக்கு ஒரு கேமரா

கல்லாவுக்கு மேலே ஒன்று, வாசலைப் பார்த்து ஒன்று என்று பெங்களூரிலிருந்து வந்த கேமராக்காரர் சொல்லி முடித்ததும், பட்டுச் சேலை மடித்துக்கொண்டிருந்த ராஜமேரி நிமிர்ந்தாள். பட்டுப் பிரிவுக்கு இல்லையா? இரண்டு கேமராவுக்குத்தான் முதலாளிக்குத் தெம்பு என்றால், அதில் ஒன்று தன் தலைக்கு மேல் வந்தே ஆக வேண்டும். மற்ற விற்பனைப் பெண்கள் கேமரா என்ற பேச்சு எழுந்த நாளிலிருந்தே முந்தானையை இழுத்து இழுத்துவிட்டு மிரண்டுகொண்டிருந்தார்கள். இவள் ஒருத்திதான் அது வரட்டும், சீக்கிரம் வரட்டும் என்று ஜெபமாலை உருட்டினாள்.

எண்பத்தெட்டாம் வருடம் அது. தர்மபுரியில் டிவி இருக்கும் வீடுகளே கொஞ்சம். இதில் ஜவுளிக்கடை ராஜாமணி தன் கடைக்குள் நடப்பதையே டிவியில் பார்க்கப்போகிறாராம் என்று கடைவீதி முழுக்க ஒரே பேச்சு. காரணம்தான் வெளியே தெரியாது. கடையில் பட்டுச் சேலைகள் குறைகின்றன. புதிதாக வந்த ஆடிட்டர் இருப்பை எண்ணச் சொன்னபோதுதான் அது வெளிப்பட்டது. பட்டு அலமாரியின் சாவி தொங்குவது ராஜமேரியின் இடுப்பில்.

"இன்னொன்னு கொறைஞ்சா ஸ்டேஷன்ல சொல்லிடுவன் ராஜமேரி. அப்பறம் என்னையக் குத்தம் சொல்லப்படாது" என்றார் ராஜாமணி, கோபமே இல்லாமல். திட்டியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பாள். கிணறு வெட்டும்போது விழுந்து முதுகு போன சின்னப்பன், அவள் புருஷன், நல்லம்பள்ளி வீட்டில் கயிற்றுக் கட்டிலோடு கிடந்தான். இவள் ஸ்டேஷன் படியேறினால் அவன் வாயில் கஞ்சி ஊற்ற ஆள் கிடையாது.

எடுப்பது யாரென்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? காஞ்சிபுரத்திலிருந்து பட்டுச் சேலைக் கட்டு, அதாவது பேல், வந்தால் முதலாளியின் அம்மா தீர்த்தம்மாள்தான் கற்பூரம் காட்டிப் பிரிப்பார். ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். ஒவ்வொரு பேலிலும் மேலாக இருக்கும் முதல் சேலை அம்மனுக்கு. அதைத் தாம்பாளத்தில் எடுத்து வைத்துக் கொடுப்பவளே ராஜமேரிதான். சாமிக்கு எடுப்பதை யாராவது எழுதுவார்களா? எழுதினால் ராசி போய்விடாதா? அம்மன் படத்துக்குச் சாத்தி எடுத்த சேலைகள், மாரண்டஹள்ளியில் கட்டிக்கொடுத்த மகளின் பீரோவுக்குப் போய்விடும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த அம்மாளும் இதைத் திருட்டு என்று கனவிலும் நினைத்தவரில்லை. சேலை குறைகிறது என்று கேள்விப்பட்டதும், கடைக்குக் கண் பட்டுவிட்டது என்று பூசணிக்காய் சுற்றி உடைத்தவரும் அவரேதான்.

மேனேஜர் தர்மனிடம் ஒருநாள் மென்று விழுங்கிச் சொல்லிப் பார்த்தாள். அவர் பதறிப்போய் நாலு பக்கமும் பார்த்தார்.

"அவங்க ஆத்தா ஆடிக்கு ஒண்ணுதான் எடுக்குதுன்னு முதலாளி நெனச்சிட்டிருக்காரு. அம்மன் சேலைக்கு வேதக்காரி நீ கணக்குக் கேட்டீன்னு ஆச்சுன்னா, உன்னோட சேத்து நானும் தெருவுலதான் நிக்கணும். வாயத் தொறக்காத தாயி."

சரி, அவள் வாயைத் திறக்கவில்லை. கேமராவுக்கு வேலை போகும் பயமில்லை, சாதி மதமில்லை. அது பார்க்கட்டும். அம்மா எடுப்பதை மகனே டிவியில் பார்த்துக்கொள்ளட்டும். அதை நம்பித்தான் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இப்போது இந்த மனிதர் வாசலைக் காட்டுகிறார். அவளுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, நேராக முன்னால் போய் நின்றாள்.

"முதலாளி, கொறையறது பட்டுலதானுங்க. வாசலுக்குப் போடறத என் தலைக்கு மேல போடச் சொல்லுங்க. கடை தொறந்ததுலருந்து சாத்துற வரைக்கும் என்னையே பாக்கட்டுங்க."

ராஜாமணி அவளை ஒரு மாதிரி பார்த்தார். எடுக்கிறவள் இப்படி வந்து கேட்பாளா என்று யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. கேமராக்காரரிடம் திரும்பி, "செரி, பட்டுக்கே மாத்திடுங்க" என்றார். ராஜமேரி சேலை அடுக்கைப் பிடித்துக்கொண்டாள். மாதாவே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மெத்தையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த தீர்த்தம்மாள் நிமிர்ந்தார்.

"ஏப்பா, பேல் பிரிக்கிற எடமாச்சே அது. சாமி காரியத்தையெல்லாமா படம் புடிப்பாங்க? கற்பூரம் காட்டறப்ப அத அணைச்சு வெச்சிடணும்."

"அதுக்கென்னம்மா, தனியா ஒரு சுவிட்சு வெச்சிடலாம்" என்றார் மகன்.

"ஒந்து நிமிஷ வேலைங்க" என்றார் கேமராக்காரர், கன்னடம் கலந்த தமிழில்.

"எனக்கு எட்டற மாதிரி வெய்யி." தீர்த்தம்மாள் எழுந்து வந்து ராஜமேரியின் தோளைத் தட்டினார். "பாவம் இந்தப் புள்ள. எவளோ எடுத்துட்டுப் போறா, பழி இவ தலையில."

"இனிமே அந்தப் பேச்சே இல்லம்மா" என்றார் ராஜாமணி. "கேமராவும் மாட்டி, அதுலயும் ஒண்ணும் தெரியாம சேலை கொறைஞ்சுதுன்னா, அப்பறம் சாவி வெச்சிருக்கறவதான் பதில் சொல்லணும். தீபாவளி பேல் வேற நாளைக்கு வருது."

தீர்த்தம்மாள் சுவரில் உள்ளங்கையை வைத்து உயரம் காட்டினார். கேமராக்காரர் இரும்பு டேப்பை உருவி, அடி நுனியைப் பிடிக்கச் சொல்லி ராஜமேரியிடம் கொடுத்தார். அவள் குனிந்து, நுனியைத் தரையோடு வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். மேலே, அந்த அம்மாளின் விரல்களுக்கு ஒட்டினாற்போல் அவர் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"ஆச்சும்மா, விட்டுடுங்க."

அவள் விடவில்லை. டேப்பு இழுபட்டுச் சுவரோடு படபடவென்று அடித்தது. மூன்று பேரும் குனிந்து அவளைப் பார்த்தார்கள்.