நீதிபதி பார்த்தால் சாயங்காலம்

நீதிபதி ஹோங் யூலின் எந்த இடத்தைப் பார்த்தாலும் அந்த இடத்தில் சாயங்காலமாகிவிட்டது. கிழக்குக் கடலோரத்து ஷிபிங் ஊரில் இது மூன்று வருடம் நடந்தது. அலுவலக ஏட்டில் 'வானிலை வழக்கம்போல்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மூக்குக்கண்ணாடி. வைத்தியர் ஃபாங் நீதிபதியின் நாடியைப் பிடித்துப் பார்த்து, ஈரலில் தீ ஏறி அது கண் வழியாக வெளியே வருகிறது என்றார். முந்தின நாள் இரண்டு ஜாடி மது ஏறியதைப் பற்றி மூச்சு விடவில்லை. தேயிலை நிறப் படிகத்தில் கண்ணாடி செய்து போட்டால் தீ தணியும், கண்ணில் நீர் வடிவது நிற்கும், தலைவலி போகும், மூலத்துக்கும் நல்லது என்று அடுக்கினார். கூடவே சரித்திரமும் சொன்னார்: நூற்றுக்கணக்கான வருடங்களாக நீதிபதிகள் புகைப்படிகத்துக்குப் பின்னால் உட்கார்ந்துதான் வழக்குக் கேட்டிருக்கிறார்கள், மனதில் இருப்பது முகத்தில் தெரிந்துவிடக் கூடாதல்லவா? இந்த நீதிபதியின் மனதில் மறைக்கிற அளவுக்கு என்ன இருந்தது என்று கேட்கத்தான் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. கல்லை நீதிபதியே கொடுத்தார். சூசோ நகரத்துக்கு அனுப்பிக் கடைந்து, ஆமையோட்டுச் சட்டம் போட்டு வாங்க நாற்பது லியாங் வெள்ளி ஆயிற்று. அந்த வெள்ளிக்கு நான்கு எருமை வாங்கலாம். ஆனால் எருமையை மூக்கின்மேல் வைத்துக்கொள்ள முடியாதே.

விளக்கு வைத்தபிறகு வழக்குக் கேட்கக் கூடாது என்பது சட்டம். நீதிபதி காலையில் வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, நிமிர்ந்து பார்ப்பார். உடனே கூடம் மங்கும். முற்றத்துக் கோழிகள் வரிசையாகக் கூண்டுக்குப் போகும். முரசுக்காரன் கடமை தவறாதவன், நாள் முடிந்ததென்று அடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவான். வெளியே தெருவில் வெயில் மண்டையைப் பிளக்கும். நீதிபதியின் புருவத்தைப் பார்த்துத் தீர்ப்பை முன்கூட்டியே விற்றுப் பிழைத்த குமாஸ்தாக்கள்தான் பாவம், வயிற்றில் ஈரத்துணியோடு அலைந்தார்கள்.

அப்படித் தள்ளிப்போன வழக்குகளில் டெங் கூவின் வழக்கும் ஒன்று. நிலக்கடலைக் காட்டில் கிணறு வெட்டும்போது பூசணிக்காய் அளவுக்குத் தேயிலை நிறப் படிகம் கிடைத்தது. படிகமெல்லாம் அரண்மனைச் சொத்து. அவன் இரண்டு நாள் கட்டிலுக்கடியில் வைத்திருந்துவிட்டான். அவனைக் கொட்டடியிலும் கல்லைக் கிடங்கிலும் போட்டார்கள். கொட்டடியில் போட்டது அங்கேயே இருந்தது. கிடங்கில் போட்டது காணாமல் போயிற்று. கல் இல்லாமல் விசாரணை இல்லை, விசாரணை இல்லாமல் விடுதலை இல்லை. தெருமுனையில் வெங்காயத்தாள் வைத்துச் சுருட்டிய சோளரொட்டி விற்கும் அவன் மனைவி தேமெய் மூன்று வருடமாக நடையாய் நடந்தாள்.

"இன்னைக்கு உன் புருஷன் வழக்கு வருதும்மா," என்றான் காவலாளி.

"மூணு வருஷமா வருதுண்ணே. வந்து வாசல்லயே நின்னுக்குது."

கொட்டடிக்கு ஜன்னல் கிடையாது. டெங் கூ உள்ளே இருமிக்கொண்டிருந்தான். அந்தக் குளிர்காலத்தைத் தாண்டமாட்டான் என்பது இருமலைக் கேட்ட எவருக்கும் தெரியும். "கல்லுக்குள்ள எறும்பு மாதிரி ஒரு பொட்டு இருக்கும் புள்ள," என்று கதவுக் கம்பி வழியாகச் சொன்னான். "எங்க பார்த்தாலும் கண்டுபிடிச்சிடலாம்."

தேமெய் அன்றே கண்டுபிடித்துவிட்டாள். முன்வரிசையில் மண்டியிட்டு நிமிர்ந்தவளுக்கு, இருட்டுவதற்கு ஒரு நொடி முன்னால், நீதிபதியின் இடது கண்ணாடியில் எறும்பு தெரிந்தது. வாயைத் திறந்தால் நாற்பது பிரம்படி. நீதிபதியைத் திருடன் என்று சொல்வதற்கு அதுதான் விலை. வீட்டுக்குப் போய், அப்பா விட்டுப்போன குலப்புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். அவள் பிறந்த வீடும் ஹோங் குலம். அந்தக் குலத்தில் பெயரின் நடு எழுத்தை வைத்தே தலைமுறை தெரிந்துவிடும். 'யூ' தலைமுறைக்கு ஒரு படி மேலே 'தே' தலைமுறை.

அடுத்த விசாரணையில் அவள் மண்டியிடவில்லை.

"யூலின்! அத்தை வந்திருக்கேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டா அத்தையைப் பார்ப்பே?"

மூத்தவர் முன்னால் கண்ணாடி போட்டிருப்பது அவரைச் செருப்பால் அடிப்பதற்குச் சமம். நீதிபதிக்கு வயது ஐம்பத்திரண்டு, அவளுக்கு இருபத்தொன்பது. விளக்கைக் கொண்டுவரச் சொல்லிக் குலப்புத்தகத்தை மூன்று முறை படித்தார். புத்தகம் மூன்று முறையும் அதையே சொன்னது. எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றினார்.

அது மூன்று வருடமாக விழுங்கிய உச்சிவெயில் முழுவதும் ஒரே நேரத்தில் கூடத்தில் கொட்டியது. கோழிகள் அலறியடித்து வெளியே வந்தன. நீதிபதியின் கண்ணில் தாரை தாரையாக நீர் வடிந்தது.

"வாங்கத்தை... உடம்பு சௌக்கியமா?"

மூத்த உறவை முதன்முதலாகப் பார்க்கும்போது வெறுங்கையோடு நிற்கக் கூடாது. நீதிபதியின் கையில் வேறு எதுவும் இல்லை. கண்ணாடியை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

அவள் எறும்பைப் பார்த்தாள். "கல்லு கிடைச்சிடுச்சு மருமகனே. வழக்கை முடி."

உறவினர் வழக்கைக் கேட்கக் கூடாது என்றும் ஒரு சட்டம் இருந்தது. அது யாருக்காவது ஞாபகம் வருவதற்குள் முத்திரை விழுந்துவிட்டது. தீர்ப்பு இன்றும் ஏட்டில் இருக்கிறது: 'கல் கிடைத்தது. கிடைத்த இடம் தெளிவில்லை. கைதியை விடுக.' திறந்த முகத்தை ஊரே எட்டி எட்டிப் பார்த்தது. மறைத்து வைக்கும்படி அதில் ஒன்றுமே இல்லை.

டெங் கூ கொட்டடி வாசலைத் தாண்டியதும் அலறிக் கண்ணைப் பொத்திக்கொண்டான். மூன்று வருட இருட்டுக்குப் பிறகு வெயில் ஊசியாகக் குத்தியது. "என்னை உள்ளேயே விட்டுடுங்க," என்று திரும்பி ஓடப் பார்த்தான். தேமெய் ஓடிவந்து தடுத்தாள். அவன் கைகளை விலக்கி, கண்ணாடியை மூக்கில் மாட்டிவிட்டாள். வைத்தியர் ஃபாங் சொன்ன பட்டியலில் இந்த உபயோகம் மட்டும் இல்லை. தெருவில் மெதுவாகச் சாயங்காலம் இறங்கியது. அவன் மூன்று வருடத்தில் முதல்முறையாக மனைவியை முழுதாகப் பார்த்தான்.

"பொழுது போயிருச்சே," என்றான். "இன்னும் அடுப்பு மூட்டலையா?"

பகலில் எரித்த எண்ணெய்க்கு யார் கணக்குச் சொல்வது என்று அவள் பிற்பாடு அவனைத் திட்டியதுண்டு. ஆனால் கண்ணாடியைக் கழற்றச் சொன்னதில்லை. அவர்கள் கடையில் உச்சிவேளையிலேயே ஆட்கள் இரவுச் சாப்பாட்டுக்கு வந்தார்கள், பொழுது சாய்ந்ததும் மறுபடி வந்தார்கள். பக்கத்து வீட்டுக் கோழிகள் ஒரு நாளைக்கு இரண்டு முறை தூங்கின. தேமெய் தினமும் மதியம் அடுப்புக்குப் பக்கத்தில் விளக்கேற்றி வைத்துவிட்டு ரொட்டி சுட்டாள்.