குறையாத கருமை

மாரிகுப்பத்தில் வேலைக்குக் காலை ரயில் ஏறும் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: எழுந்தது முதல் பெங்களூரில் இறங்கும்வரை தண்ணீர் வாயில் படக்கூடாது. பெட்டியில் கழிவறை இருந்தாலும், அந்த நெரிசலில் அதன் கதவைத் தொட்டவர் இல்லை. ஐம்பத்திரண்டு வயது பாக்கியவதி இருபது ஆண்டுகளாக அந்த வழக்கம் தவறாதவள். ஓர் ஆண்டாக அடிவயிறு கனத்து, வழியில் பங்காருப்பேட்டை ஸ்டேஷன் வருவதற்குள்ளேயே மூத்திரம் முட்டத் தொடங்கியபோதும், அடக்கி அடக்கி வந்த கோளாறு என்றே கொண்டாள். புடவைக் கட்டு வயிற்றில் நிற்காமல் போன பிறகுதான் ஸ்கேனுக்கு வந்தாள்.

வந்த இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

"இன்னாக்கா, இதுக்கே நெளியிறீங்க?" என்றாள் துணைக்கு வந்த ரயில் தோழி இந்து. "பெங்களூரு கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வரைக்கும் தாங்குற ஆளாச்சே!"

"சும்மா இருடி. சிரிக்க வெச்சே, இங்கயே ஆயிடும்."

உள்ளே, டாக்டர் ஷில்பா குளிர்ந்த களிம்பைத் தடவிக் கருவியை வைத்ததும் திரை முழுவதும் கறுத்தது.

"பிளாடர் ரொம்ப நெறஞ்சு இருக்கும்மா. கொஞ்சம் போய்ட்டு வாங்க."

"ரயில்ல போறவ டாக்டர். பழகிடுச்சி." குரலில் சற்றே பெருமிதம் இருந்தது.

போனாள்; மிச்சம் வைக்காமல் போனாள்; திரும்பிப் படுத்தாள். கருமை அப்படியே இருந்தது.

"போனீங்களா?"

"போனேன்."

"முழுசா?"

"முழுசா டாக்டர்."

ஷில்பாவின் கை நின்றது. கருவியை மெல்லக் கீழே நகர்த்தி, சுருங்கிக் கிடந்த சிறு பட்டை ஒன்றைக் காட்டினார். "இதுதான் உங்க மூத்திரப்பை. காலியா இருக்கு."

"அப்போ மேல இருக்கறது?"

"சினைப்பையில கட்டி. பதினாறு சென்டிமீட்டர்."

கருமையின் உட்சுவரில் மொட்டுமொட்டாக ஏதோ துருத்தியிருந்தது. ஒரு பொத்தானை அழுத்தியதும் அந்த மொட்டுகளுக்குள் சிவப்பும் நீலமும் துடித்தன.

"ரத்த ஓட்டம் இருக்கு. அதுதான் எனக்குப் பிடிக்கல. புத்துநோயான்னு ஸ்கேனை மட்டும் வெச்சு முடிவா சொல்ல முடியாது. ஆபரேஷன் பண்ணினாத்தான் தெரியும். நாளைக்கே பெங்களூரு போங்க. தள்ளிப் போடாதீங்க."

பாக்கியவதி தன் உடம்புக்குள் தனக்குத் தெரியாமல் துடிக்கும் நிறங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். களிம்பைத் துடைக்கக் கொடுத்த காகிதம் கையிலேயே இருக்க, ஈர வயிற்றின்மேல் புடவையைச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நடுவுல ஒரு தபா போய்ட்டு வேற வந்தீங்களே? வயிறா, வாட்டர் டேங்கா?" என்று சிரித்த இந்து, அவள் முகத்தைப் பார்த்து எழுந்தாள். "இன்னா சொன்னாங்கக்கா?"

வாயில் வந்தது ஒன்றுதான்.

"மூத்திரப்பை காலியா கீதாம்."

"அது நல்லதுதானேக்கா?"

பாக்கியவதி அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள், விடவில்லை.